பெரிய வெள்ளி இரவைப் பற்றி உனக்கு

அன்புள்ள சிநேகிதிக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் மாமியாருக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஜூன் 12-இல் மேட்டூர் திறந்துவிடும் என்று நம்பி அண்ணன் குறுவைக்கு ஓடிக்கொண்டிருக்கிறான். சின்னவன் பத்தாவது எழுதி முடித்துவிட்டு ஆற்றுப் பக்கமே கிடக்கிறான். குடை விஷயத்தை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, பயப்படாதே.

ஈஸ்டருக்கு நீ அனுப்பிய வாழ்த்துக்குப் பதில் போடவில்லை என்று கோபமாக இருப்பாய். போனில் சொல்லி முடிக்கிற விஷயமாக இருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன்.

நம் கோவில் பாடகர் குழு இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. ஆர்மோனிய மாமாவுக்குக் கை நடுக்கம் வந்துவிட்டது, புது சாமியார் என்னைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டார். பிள்ளைகள் நல்ல பிள்ளைகள்தான். ஆனால் பென் டிரைவில் டிராக் போட்டுவிட்டு மைக்கில் அதன்மேல் பாடிப் பழகிவிட்டார்கள். அந்த டிராக்கெல்லாம் ஸ்டுடியோவில் பாடுகிற பெண்ணின் குரலுக்குப் போட்ட சுருதி. நம் அப்பாயிகளுக்கு அது எட்டவே எட்டாது. ரெண்டு வரி முயன்றுவிட்டு வாயை மூடிக்கொள்கிறார்கள். ஆம்பிளைகள் பக்கம் கேட்கவே வேண்டாம். காணிக்கைப் பாட்டில் சாமியார் கை கழுவி முடித்துத் திரும்பி நிற்கிறார், டிராக்கில் இரண்டாவது இடையிசை ஓடுகிறது, அது முடிகிற வரை பீடத்தில் அவர் காத்திருக்கிறார். எனக்கு வயிறு எரிகிறது. மாமா என்ன செய்வார், ஞாபகம் இருக்கிறதா? பூசைக்கு முன்னால் கிழவிகள் ஜெபமாலைப் பாட்டை எந்தக் குரலில் எடுக்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு, அதற்குத் தக்கபடிதான் கட்டையைப் பிடிப்பார். அதைவிடப் பெரிய சங்கீத ஞானம் எனக்குத் தெரிந்து கிடையாது.

தவக்காலம் ஆரம்பித்ததும் பிள்ளைகளிடம் பேசினேன். தவக்காலத்தில் வாத்தியம் பாட்டுக்குத் துணையாக மட்டும்தான் வரலாம் என்று திருச்சபையே சொல்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் திருவழிபாடு பற்றி வெளியிட்ட ஏட்டில், பாடகர் குழுக்களை வளர்க்க வேண்டும் என்று சொல்கிற அதே 114-ஆம் எண்ணில், பாட்டோடு நடக்கும் வழிபாட்டில் மக்கள் எல்லோரும் தங்கள் பங்கைச் செய்ய ஆயர்களும் குருக்களும் வழி செய்ய வேண்டும் என்றும் இருக்கிறது. அதைப் படித்துக் காட்டினேன். “அக்கா, இந்தக் காலத்துல யாரு பாடுவா?” என்று கேட்டார்கள். பெரிய வியாழன் பூசையில் ‘உன்னதங்களிலே’ கீதம் பாடி முடிந்ததிலிருந்து ஈஸ்டர் இரவு பாஸ்கா திருவிழிப்பில் மறுபடி ‘உன்னதங்களிலே’ வரும்வரை கோவிலில் மணிதான் கிடையாதே, அதற்குப் பதில் மரக்கட்டையைத்தானே தட்டுகிறோம். அந்த நாட்களில் கீபோர்டையும் மூடி வைத்துவிடுவோம், டிராக்கே வேண்டாம், பார்ப்போம் என்றேன். சாமியாரும் சரி என்றார்.

வியாழன் இரவு ஆராதனையில் கொஞ்சம் தடுமாறினார்கள். வெள்ளி மதியம் திருச்சிலுவை ஆராதனையில் பரவாயில்லை. இரவில்தான் நடந்தது. ஆண்டவரின் சுரூபத்தைச் சிலுவையிலிருந்து இறக்கி ஆசந்தியில், அந்தப் பாடையில், வைத்ததும், வழக்கம்போலக் கிழவிகள் மாதாவின் புலம்பலை எடுத்தார்கள். மூன்று பேர்தான் மிச்சம் அந்தப் பாட்டு தெரிந்தவர்கள். நடுவில் ஒரு அடி மறந்துபோய் நின்றுவிட்டார்கள். அப்போது பின்னால், தூண் பக்கத்திலிருந்து ஒரு குரல் அந்த அடியை எடுத்தது. மேலத்தெரு அத்தை.

உனக்குத் தெரியும், மகன் இறந்துபோனதிலிருந்து அத்தை கோவிலுக்குள் கால் வைத்ததில்லை. அன்றைக்கு எப்போது வந்தார்கள் என்று யாரும் பார்க்கவில்லை. மகனை மடியில் போட்டுக்கொண்டு மாதா கேட்கிற கேள்விகளை அத்தை ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். மூச்சு முட்டி நிறுத்தினார்கள், நாங்களும் நிறுத்தினோம். மறுபடி எடுத்தார்கள், எல்லோரும் எடுத்தோம். சுருதி எங்கேயோ இறங்கிவிட்டது, யாருக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை. கீபோர்டு பையன் தரையில் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தான். டிராக் ஓடியிருந்தால் அத்தைக்காக அது ஒரு நொடி நின்றிருக்குமா, சொல்லு.

அதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் ஏலாக்குறிச்சியில் இருந்த வீரமாமுனிவர் தேம்பாவணி பாடியதை எல்லோரும் சொல்வார்கள். அவரே மாதாவின் துயரத்துக்கென்று அன்னை அழுங்கல் அந்தாதி என்று தனியாக ஒன்று பாடியிருக்கிறார். இத்தாலியில் பிறந்த மனுஷனுக்குக்கூட அந்தத் துக்கத்தைத் தமிழில் அழுதுதான் சொல்ல வேண்டியிருந்திருக்கிறது. மாயவரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை கீர்த்தனைகளாக எழுதிக் குவித்தார். இத்தனை பாட்டு விளைந்த மண்ணில் சனங்கள் வாய்மூடி நின்று ஸ்பீக்கரைக் கேட்டுவிட்டுப் போவது எனக்குத் தாங்கவில்லை. உங்கள் ஊர்க் கோவிலிலும் அப்படித்தான் என்று போன தடவை சொன்னாயே. நீ அங்கே சும்மாவா உட்கார்ந்திருக்கிறாய்? அந்தக் குரலை வைத்துக்கொண்டு!

ஒன்று சொல்கிறேன், வேறு யாரிடமும் சொன்னதில்லை. அம்மா இறந்த பிறகு ரொம்ப நாள் எனக்கு ஜெபம் வரவே இல்லை. ஜெபமாலையை எடுத்தால் விரல் மட்டும் நகரும். கடவுள் இருக்கிறாரா என்றுகூட அல்ல, என் பக்கம் திரும்புவாரா என்றுதான் சந்தேகம். பாட்டு மட்டும் வந்தது. பக்கத்தில் நாலு பேர் பாடும்போது, நான் நம்பாத வரியையும் அவர்கள் நம்பிப் பாடினார்கள், அவர்களோடு சேர்ந்து நானும் பாடினேன். அப்படியே ஒட்டிக்கொண்டு இருந்துவிட்டேன். அத்தைக்கும் அது கிடைக்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. அத்தை ஈஸ்டருக்கு வரவில்லை. போன ஞாயிறு வந்து கடைசி வரிசையில் நின்றார்கள், பாடவில்லை. நான் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை.

பாஸ்கா இரவில் சாமியார் அல்லேலூயாவை மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் சுருதி ஏற்றி எடுத்தார். மூன்றாவது கொஞ்சம் அதிகமாகவே ஏறிவிட்டது, ஆனால் கோவில் மொத்தமும் பின்னாலேயே ஏறியது. மாமா திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

இப்போது உன்னிடம் ஒரு காரியம். புலம்பலில் சில அடிகள் கிழவிகளுக்கே ஆளுக்கொரு விதமாக வருகிறது. அத்தையிடம் போய்க் கேட்க எனக்கு மனம் வரவில்லை. உன் அப்பாயி எழுதி வைத்த நீல அட்டை நோட்டு உன்னிடம்தானே இருக்கிறது? அதைப் பிரதி எடுத்து அனுப்பு, ராகம் நினைவிருக்கிற வரைக்கும் பாடிப் பதிவு செய்தும் அனுப்பு. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கு வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்கள் இந்த வழியாகப் போக ஆரம்பிப்பதற்குள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கிவிட வேண்டும் என்று பார்க்கிறேன். குரல் போய்விட்டது, தொண்டை கட்டிவிட்டது என்று சாக்குச் சொல்லாதே, உன் சாக்கெல்லாம் மாமாவுக்கே தெரியும்.

அன்புடன்,
உன் பழைய இரண்டாம் குரல்