சேமித்த கட்டுரைகளில் தமிழ் உடைவது: நான்காவது மின்னஞ்சல்

வாடிக்கையாளர் சேவை முகாமையாளர் அவர்களுக்கு,

உங்கள் 6 அங்குல மின்னூல் வாசிப்பானை 62,000 ரூபா கொடுத்து வாங்கி ஏழு கிழமை ஆகிறது. அதில் சேமிக்கும் இணையக் கட்டுரைகளில் தமிழ் எழுத்து உடைந்து தெரிகிறது. மூன்று மின்னஞ்சல், நான்கு அழைப்பு, இரண்டு தடவை நேரில் வந்தாயிற்று. பெரும்பாலும் கிடைத்த பதில் ஒன்றுதான்: "டிவைஸ்ல தமிழ் சப்போர்ட் இல்ல."

அது பிழையான பதில். தமிழ் விக்கிப்பீடியாவின் "கொழும்பு" பக்கத்தை கருவியில் இணையக் கட்டுரைகளைச் சேமிக்கும் உங்கள் கிளிப் செயலியில் சேமித்துப் பாருங்கள். தலைப்பிலேயே ககரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். ழுவின் சுழி கழன்று தனியே கிடக்கும். மகரத்துப் புள்ளி பக்கத்து எழுத்தின் மேல் ஏறியிருக்கும். அதே பக்கத்தை வலபாக் என்ற வேறொரு கட்டுரைச் சேமிப்புச் சேவையில் சேமித்து, இபப் என்ற மின்னூல் கோப்பாக எடுத்து, யூஎஸ்பி வயரால் அதே கருவிக்கு ஏற்றி, புத்தகப் பகுதியில் திறவுங்கள். ஒரு எழுத்தும் உடையாது. ஆக எழுத்துருவும் இருக்கிறது, எழுத்துகளைக் கோக்கும் மென்பொருளும் உள்ளே இருக்கிறது. கிளிப் திரை மட்டும் அதைக் கேட்காமல் ஒவ்வொரு குறியையும் வந்த வரிசையிலேயே வரைகிறது. உங்கள் பொருள், இது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

தேடலும் அப்படித்தான். ஒகரக் குறியை, கணினி எழுத்துகளுக்கான யூனிகோட் முறையில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். இரண்டையும் ஒன்றாக்கிவிட்டுத் தேட வேண்டும். நீங்கள் அதைச் செய்யாததால் கண்ணெதிரே இருக்கும் சொல்லுக்கே "முடிவுகள் இல்லை" என்று வருகிறது. செய்தித் தளங்களின் படங்களும் வெறும் சாம்பல் பெட்டிகள்தான். பக்கத்தை உருட்டும்போது வரும் உண்மையான படத்தை விட்டுவிட்டு, அதுவரை இடம் பிடித்து நிற்கும் வெற்றுப் படத்தைச் சேமிக்கிறீர்கள்.

இதையெல்லாம் பொறுமையாக விளக்கியபோது உங்கள் அழைப்பு நிலையத்தில் இருந்தவர் சொன்னது: "தமிழ் வாசிக்கவா இத வாங்கினீங்க? போன்ல வாசிங்க." சொல்லிவிட்டு வைத்துவிட்டார். கொழும்பில் கடை வைத்திருக்கிறீர்கள், பெட்டியின் மேல் தமிழிலும் அச்சடித்திருக்கிறீர்கள். அந்த அழைப்பின் ஒலிப்பதிவை நீங்களே ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

கட்டுரைகளைப் பிறகு வாசிக்கச் சேமிக்கும் பொக்கெட் சேவை 2025 ஜூலை 8ஆம் திகதி மூடப்பட்டதும் அதற்கு மாற்று கிளிப் என்று விளம்பரம் செய்தீர்கள். அதை நம்பி, பொக்கெட்டில் வைத்திருந்த 2,140 இணைப்புகளைக் கிளிப்புக்குள் இறக்கினேன். பொக்கெட் தந்த சிஎஸ்வி என்ற பட்டியல் கோப்பில் தலைப்பு, முகவரி, குறிச்சொல் போன்றவைதான் உண்டு, கட்டுரை இராது. தளம் மறைந்துபோன இணைப்புகள் திறக்காது என்பதை இறக்குமுன் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நுகேகொடை சேவை நிலையத்துக்கு வியாழக்கிழமை வரச் சொன்னதும் உங்கள் ஆள்தான். அன்று போயா விடுமுறை. கதவு பூட்டு. வெள்ளவத்தையிலிருந்து முச்சக்கர வண்டிக்குப் போக வர 1,200 ரூபா. அதற்கு முந்திய தடவை "ஃபெக்டரி ரீசெட் அடிங்க, சரியாகிடும்" என்றார்கள். அடித்தேன். எழுத்து சரியாகவில்லை, கோடிட்டு வைத்த 300க்கு மேற்பட்ட குறிப்புகள் போயின. அவை கருவிக்குள் மட்டும் இருப்பவை, கணக்கோடு ஒத்திசையாதவை என்று சொல்லித் தருவது யாருடைய வேலை? நான் கோடிட்டு வாசித்ததையெல்லாம் அழித்துவிட்டீர்கள். இதற்கு 62,000 ரூபா ஈடாகாது.

சண்டை பிடிக்க எனக்கு விருப்பமில்லை. உங்கள் கருவியின் திரையும் பட்டரியும் நல்லவை. தயவுசெய்து இரண்டில் ஒன்றைச் செய்யுங்கள்: புத்தகப் பகுதியில் எழுத்துகளைக் கோக்கும் மென்பொருளையே கிளிப் திரைக்கும் கொடுத்து அப்டேட் அனுப்புங்கள், அல்லது முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். எதுவானாலும் மிஞ்சிய கட்டுரைகளை எச்டிஎம்எல் என்ற இணையப் பக்கக் கோப்பாக வெளியே எடுக்க வழி வேண்டும்.

14 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், பற்றுச்சீட்டோடும் இரு திரைகளின் படங்களோடும் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்குப் போவேன். அதன் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைப்பதற்கு எனக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

அந்த அழைப்பு நிலைய ஊழியரிடமிருந்து மன்னிப்பும் எழுத்தில் வர வேண்டும், தமிழில்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாடிக்கையாளர்