நெஞ்சு பழகிவிட்டால்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி, மாடி ஏறுவதில்லை. மற்றபடி நலம்.

நீ எழுதியிருந்த ஆபீஸ் விவகாரம் மனதை விட்டுப் போகவே இல்லை. செய்யாத தப்புக்கு அந்தப் பையன் மேல் பழி போட்டு எழுதிய அறிக்கையில் உன்னையும் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். "முதல் தடவை உறுத்தும், அப்புறம் பழகிடும்" என்று மேலதிகாரி தோளில் தட்டினாராமே. எனக்குப் பயமே அதுதான். அவர் சொல்வது உண்மை.

ஹிட்லர் கால ஜெர்மனியில், ஹாம்பர்க் நகரத்து ரிசர்வ் போலீஸ் பட்டாலியன் 101 என்ற படைப்பிரிவைப் பற்றி மறுபடியும் படித்துக்கொண்டிருந்தேன். பெரும்பாலும் நடுத்தர வயதுக்காரர்கள். துறைமுகத் தொழிலாளிகள், லாரி ஓட்டுநர்கள், குமாஸ்தாக்கள். 1942 ஜூலை 13 விடியற்காலையில் போலந்தின் யூசெஃபுவ் ஊரில் லாரிகளில் வந்து இறங்கினார்கள். தளபதி மேஜர் டிராப் குரல் தழுதழுக்க உத்தரவைச் சொன்னார்: யூதர்களில் வேலைக்கு ஆகும் ஆண்களைப் பிரித்துவிட்டு, பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் அத்தனை பேரையும் சுட வேண்டும். தன்னால் ஆகாது என்று நினைக்கும் மூத்தவர்கள் விலகிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். சுமார் 500 பேரில் ஏறக்குறைய ஒரு டஜன் பேர்தான் விலகினார்கள். அன்று கொல்லப்பட்டவர்கள் சுமார் 1,500 பேர். டிராப் அழுதாராம். உத்தரவை நிறைவேற்றிக்கொண்டே அழுத அந்தக் கண்ணீருக்கு என்னால் மதிப்புக் கொடுக்க முடியவில்லை.

சுட்டுக்கொண்டிருந்தபோதே பாதியில் நழுவியவர்கள் உண்டு. அன்றிரவு முகாமில் சோறு இறங்கவில்லை. குடித்தார்கள், யாரும் அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை. சில மாதம் கழித்து அதே ஆட்கள் சாப்பாட்டு மேசையில் கொலையைப் பற்றிக் கேலி பேசினார்கள். காட்டில் ஒளிந்திருந்தவர்களைத் தேடிச் சுட ஆள் கேட்டால் தேவைக்கு மேலேயே கை தூக்கினார்கள். கெட்டது செய்தவனை அவன் நெஞ்சே தண்டிக்கும் என்று நாம் சொல்லிக்கொள்கிறோமே, அது கொஞ்ச நாளைக்குத்தான். அதற்குள் காது கொடுக்காவிட்டால் நெஞ்சு கேட்பதையே நிறுத்திவிடுகிறது. செத்தவர்களை நினைத்து அழுத பிறகு, இதை நினைத்தும் எனக்கு நடுக்கமாக இருக்கிறது.

லெஃப்டினன்ட் புக்மன் என்று ஒருவர், ஊரில் மர வியாபாரம். உத்தரவைக் கேட்டதுமே, கதியற்ற பெண்களையும் குழந்தைகளையும் சுட வரமாட்டேன், வேறு வேலை கொடுங்கள் என்றார். பிரித்தெடுத்த ஆண்களை லூப்ளின் நகரத்துக்குக் கொண்டுபோகும் காவலில் போட்டார்கள். அதுவும் சுத்தமான வேலை இல்லைதான். ஆனால் மறுத்ததற்காக அவரை யாரும் சிறையில் போடவில்லை. பின்னால் ஹாம்பர்க்குக்கே மாற்றல் கொடுத்தார்கள்.

உன் கையெழுத்தை அந்தக் கொலைகளோடு சேர்த்து எடை போடவில்லை, தப்பாக நினைக்காதே. தூக்கமே வரவில்லை என்று எழுதினாய் பார், அதைக் கேட்டுத்தான் எனக்கு உன் மேல் நம்பிக்கை. தயவுசெய்து மாத்திரை போட்டுத் தூங்கிவிடாதே. கையெழுத்துப் போட மாட்டேன் என்று எழுத்திலேயே கொடுத்துவிடு, நகல் ஒன்றை உன்னிடம் வைத்துக்கொள். அந்தப் பையனிடம் நேரில் பேசினாயா? வக்கீல் பார்க்க வசதி இருக்கிறதா என்று கேள். இல்லை என்றால் செலவில் பாதி என்னுடையது. அவர்கள் உன்னை எங்கேயாவது தூக்கியடித்தால் அடிக்கட்டும். பதில் போடத் தாமதமாகும் என்றால் போன் பண்ணு.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்