ராணுவச் சம்பளம் யாருக்கு மிச்சம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் வேலைவாய்ப்பு இணைப்பில் ராணுவத்தில் சேருவது பற்றி, சலுகைப் பட்டியலோடு ஒரு கட்டுரை வந்திருந்தது. அதில் ஒரு வரி: "உணவு, உடை, தங்குமிடம் அனைத்தையும் அரசே தருவதால் ராணுவ வீரருக்குச் செலவே கிடையாது, வாங்கும் சம்பளம் அப்படியே மிச்சம்." எங்கள் வீட்டில் தலைமுறையாக உங்கள் பத்திரிகைதான் வாங்குகிறோம். அதில் இப்படி ஒரு வரி வரும் என்று நான் நினைக்கவில்லை. மனசு ஆறாமல்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஒரு ஹவில்தாரின் மனைவி. அவர் காலமாகிவிட்டார். குடும்ப பென்ஷனில் இருக்கிறேன். எங்கள் வேலூர் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருக்கும் ஊர்கள் உண்டு என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கம்மவான்பேட்டையைப் பற்றிப் படம் போட்டுப் பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். அங்கே ஏதாவது ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அந்த வீட்டுப் பெண்ணிடம் இரண்டு வார்த்தை கேட்டிருந்தால் அந்த வரி அச்சேறியிருக்காது.

லங்கர் என்கிற பட்டாளச் சமையற்கூடத்தில் சாப்பாடு உண்டு, யூனிஃபார்ம் உண்டு, படுக்க பாரக்ஸ் உண்டு. எல்லாம் அவருக்கு. எனக்கும் பிள்ளைகளுக்கும் மாமனார் மாமியாருக்கும் அரசாங்கமா சோறு போட்டது? சண்டைக்குத் தயாராக நிற்கிற ஃபீல்டு ஏரியாவுக்குக் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. குடும்பத்தோடு இருக்கக்கூடிய பீஸ் ஸ்டேஷன் கிடைத்தாலும், குவார்ட்டர்ஸுக்கு எங்கள் முறை வருவதற்குள் அடுத்த மாறுதல் ஆர்டர் வந்துவிடும். இங்கே வாடகை, பள்ளிக்கூடக் கட்டணம், மாமனாருக்குச் சர்க்கரை மாத்திரை, சொந்தபந்த விசேஷங்களுக்கு மொய். லீவுக்கு வந்தவர் திரும்பிப் போகும்போது கையில் காசில்லாமல் அனுப்ப முடியுமா? சம்பளத்தில் குரூப் இன்சூரன்ஸும் பி.எஃப்.பும் பிடித்தது போக மிஞ்சியது மணியார்டராக வரும். அதை வைத்து மாதத்தை ஓட்டியது நான். மிச்சம் என்று ஒரு மாதமும் பார்த்ததில்லை.

1999 கார்கில் சண்டையின்போது அவரிடமிருந்து கடிதம் வருவது நின்றுபோனது. எனக்குத் தெரிந்த ஒரே விலாசம் '56 ஏ.பி.ஓ.' என்கிற பட்டாளத் தபாலாபீஸ் எண். அது எந்த ஊர், எந்த மலை என்று யாரிடம் கேட்பது? டி.வி. இருந்த வீட்டில் போய் உட்கார்ந்து, சவப்பெட்டிகளைக் காட்டும்போது பெயர் வாசிக்கிறார்களா என்று காது கொடுத்துக் கேட்போம். ஒருநாள் இன்லேண்டு லெட்டர் வந்தது. உள்ளே, 'நலம். அப்பாவுக்கு மருந்து வாங்கினாயா?' என்று மட்டும் பென்சிலில் எழுதியிருந்தது. பேனா மை உறைந்துவிடும் என்று பிறகு சொன்னார். இதை எந்தப் பட்டியலில் எந்தத் தலைப்பில் வரவு வைப்பீர்கள், ஐயா?

உங்கள் கட்டுரையில் சியாச்சின் பனிமலையில் இருப்பவர்களுக்குத் தரும் படி பற்றிப் பெருமையாக எழுதியிருக்கிறது. ஏழாவது சம்பளக் கமிஷனுக்குப் பிறகு மாதம் ஜவானுக்கு 30,000, ஆபீசருக்கு 42,500 ரூபாய் என்று 2017-ல் ஆக்கினார்கள். அவர் அங்கே இருந்த காலத்தில் இவ்வளவெல்லாம் இல்லை. இப்போதுள்ள பிள்ளைகளுக்காவது கிடைக்கிறதே என்று சந்தோஷம்தான். ஆனாலும் அந்தக் குளிர் தோளில் இருக்கும் பதவிப் பட்டையைப் பார்த்தா பிடிக்கிறது? மிலிட்டரி சர்வீஸ் பே என்ற தொகையும் அப்படித்தான். லெப்டினன்ட் முதல் பிரிகேடியர் வரை 15,500, ஜவானுக்கும், சுபேதார் மாதிரியான ஜே.சி.ஓ.வுக்கும் 5,200. ராணுவ வாழ்க்கையின் கஷ்டத்துக்காகத் தருவது என்று சொல்லும் பணம், மூன்றில் ஒரு பங்கு கஷ்டம்தான் இவர்களுக்கு என்கிற மாதிரி இருக்கிறது. எட்டாவது கமிஷன் அமைத்திருக்கும் இந்த நேரத்தில் உங்களைப் போன்றவர்கள் இதைக் கேட்டு எழுத வேண்டாமா?

சியாச்சினிலிருந்து அவர் வந்தபோது இடது காலில் இரண்டு விரல் நுனிகள் கறுத்துப் போயிருந்தன. செருப்பு போட்டால் அந்தக் காலைச் சற்று இழுத்துத்தான் நடப்பார். டிஸ்சார்ஜ் ஆகும்போது மெடிக்கல் போர்டில் போட்ட ஊனச் சதவீதம் இருபதுக்குக் கீழே. இருபது இல்லையென்றால் ஊன பென்ஷன் கிடையாது. அவர் ஒரு வார்த்தை முறையிடவில்லை. "விரல் போகாம வந்தேனே" என்று விட்டுவிட்டார்.

"ஓய்வுக்குப் பின் நிம்மதி" என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஓய்வு பெறும்போது அவருக்கு நாற்பதைத் தாண்டி ஓரிரண்டு வயது. பெரியவள் பத்தாம் வகுப்பு, சின்னவன் ஆறு. இந்த வயதில் பள்ளிக்கூட வாத்தியார் சம்பளம் ஏறிக்கொண்டிருக்கும். பட்டாளத்துக்காரனுக்குச் சம்பளம் நின்று பாதி பென்ஷன் ஆகிவிடும். அதிலும் ஒரு பகுதியைக் கம்யூட் செய்து, அதாவது முன்கூட்டியே மொத்தமாக வாங்கித்தான் இந்த வீட்டைக் கட்டினோம். அந்தப் பகுதி திரும்பிவர 15 வருஷம். அதுவரை அவர் ஒரு வங்கி ஏ.டி.எம். வாசலில் செக்யூரிட்டி வேலை பார்த்தார். துப்பாக்கி பிடித்த மனிதர், கார்டு எடுக்க மறந்தவர்கள் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார். எங்கள் தெருவில் பட்டாளத்திலிருந்து வந்தவர்களில் பாதிப்பேர் இப்படித்தான்.

எப்போது ஓய்வு பெற்றாலும் ஒரே பதவிக்கும் அதே சர்வீசுக்கும் ஒரே அளவு பென்ஷன் என்கிற 'ஒரே பதவி ஒரே பென்ஷன்' திட்டத்தையும் அரசாங்கம் சும்மா தரவில்லை. 2015-ல் கிழவர்கள் மெடல் குத்திக்கொண்டு டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். செப்டம்பர் 5-ஆம் தேதி அறிவித்தார்கள். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை திருத்துவோம் என்றார்கள். 2019 ஜூலையில் வரவேண்டிய திருத்தத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தது 2022 டிசம்பரில். அந்த நிலுவையைத் தரவும் உச்ச நீதிமன்றம் தேதி குறிக்க வேண்டியிருந்தது. நடுவில் எத்தனை பேர் கண்ணை மூடினார்களோ. என் வீட்டுக்காரர் 2021-லேயே போய்விட்டார்.

அவர் போன பிறகு குடும்ப பென்ஷனுக்கு அலைந்த கதையைச் சொன்னால் பக்கம் போதாது. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் என் பெயரில் ஓர் எழுத்து கூடுதல், ஆதாரில் இல்லை. ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டியது. ஹிந்தி தெரியாத நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அவரோடு வேலை பார்த்த கிளார்க் ஒருவர் தமிழில் கேட்டு, மனு எழுதி, முடித்துக் கொடுத்தார்.

2003-ல் முன்னாள் படைவீரர்களுக்காக வந்த இ.சி.ஹெச்.எஸ். மருத்துவத் திட்டம் எங்களுக்கு உதவியிருக்கிறது, இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகும். அவருடைய கண் ஆபரேஷன் அதில்தான் நடந்தது. ஆனால் பிறகு நெஞ்சுவலி என்று ரெஃபரல் கடிதத்தோடு போனபோது, பழைய பில் பாக்கி இருக்கிறது, முதலில் பணம் கட்டுங்கள் என்று ஒரு தனியார் மருத்துவமனையில் சொன்னார்கள். நகையை வைத்தேன். அரசாங்கம் பாக்கி வைத்தால் அடமானம் போவது என் வளையலா?

சலுகை விலையில் சாமான் தரும் பட்டாளக் கேண்டீன் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். இந்த ஊரில் கேண்டீன் என்றால் பாட்டில் மட்டும்தான். கல்யாணத்துக்கு அழைக்கப் போனாலும், துக்கம் விசாரிக்க வந்தாலும், "மிலிட்டரி சரக்கு இருக்காக்கா?" என்று கேட்பார்கள். அவர் காரியத்தன்றே ஒருவர் கேட்டார். அன்று நான் பட்ட அவமானம் எனக்குத்தான் தெரியும்.

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். விடமுடியாதது ஒன்று உண்டு. பென்ஷன், இ.சி.ஹெச்.எஸ்., கேண்டீன் என்று நீங்கள் போட்ட பட்டியல் பழைய ஆட்களுக்கு. 2022 ஜூன் 14-ல் அக்னிபத் என்ற புதிய ஆள்சேர்ப்புத் திட்டத்தை அறிவித்த பிறகு ஜவானாகப் போகிற பையன் அக்னிவீரனாகத்தான் போகிறான். நான்கு வருஷம். முதல் வருஷம் மாதம் 30,000 என்று பெயர், அதில் 30 சதவீதம், முடிவில் மொத்தமாகத் தரும் சேவா நிதிக்குப் போய்விடும், கைக்கு வருவது 21,000. முடிவில் வட்டியோடு சுமார் 11.71 லட்சம். நூற்றுக்கு 25 பேர் வரைதான் தொடர முடியும். மற்றவர்களுக்குப் பென்ஷன் இல்லை, கிராஜுவிட்டி இல்லை, முன்னாள் படைவீரர் என்ற அந்தஸ்தும் இல்லை. பணியின் காரணமாக உயிர் போனால் 48 லட்சம் இன்சூரன்ஸும் 44 லட்சம் கருணைத் தொகையும் உண்டு, எனக்கு வருகிற மாதிரி மாதாமாதம் குடும்ப பென்ஷன் கிடையாது.

என் நாத்தனார் பேரன் விடியற்காலை ஆற்றோரம் ஓடிப் பயிற்சி எடுக்கிறான். உங்கள் கட்டுரையைக் கத்தரித்து அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறான். "பென்ஷன் உண்டு பாட்டி, பேப்பர்லயே போட்டிருக்கு" என்கிறான். அவன் சேரட்டும், நான் தடுக்கவில்லை. என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று தெரிந்துகொண்டு சேரட்டும்.

அதனால் இரண்டே வேண்டுகோள். அந்தப் பட்டியல் அக்னிவீரர்களுக்குப் பொருந்தாது என்று அதே இணைப்பில், அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். அடுத்து, கலெக்டர் ஆபீசில் நடக்கும் முன்னாள் படைவீரர் குறைதீர் கூட்டச் செய்தியைக் கூட்டம் நடக்கிற அன்று காலையில் போடுகிறீர்கள். எங்கள் ஊரிலிருந்து பஸ் பிடித்துப் போவதற்குள் மனு வாங்கி முடித்துவிடுகிறார்கள். இரண்டு நாள் முன்னதாகப் போட்டால் என்னைப் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு ஹவில்தாரின் மனைவி,
குடியாத்தம் வட்டம்.