‘வெறி’ என்று தலைப்புப் போடும்போது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பத்திரிகையில் ஒரே பக்கத்தில் மேலே ‘சாதி வெறியில் வாலிபர் வெட்டிக்கொலை’, கீழே சினிமா விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் ‘வெறித்தனம்!’. என் பேரன் ரெண்டையும் காட்டி, “இது திட்டா பாராட்டா தாத்தா?” என்றான். முந்தின நாள் என் ரசத்தைப் பாராட்டவும் ‘வெறித்தனம்’ என்றுதான் சொன்னான், அதனால் சட்டென்று பதில் வரவில்லை.

சங்கப் பாட்டில் வெறி என்பது முருகனுக்கான ஆட்டம். மகள் காதலில் இளைத்துப் போயிருப்பாள். காரணம் தெரியாத தாய் ‘முருகு அணங்கியிருக்கிறது’, அதாவது முருகன் பிடித்திருக்கிறான் என்று, அவனுடைய பூசாரியான வேலனைக் கூப்பிடுவாள். அவன் களத்தில் மணல் பரப்பி, ஆட்டுக்குட்டியைப் பலி கொடுத்து, கையில் வேலோடு தன்னை மறந்து ஆடுவான். தொல்காப்பியமே ‘வெறியறி சிறப்பின் வெவ்வாய் வேலன்’ என்கிறது. இதைப் பாடியே ஒரு புலவருக்கு வெறிபாடிய காமக்கண்ணியார் என்று பெயர் வந்தது. நற்றிணையில் ஒரு தோழி, அந்த நோய் தன்னால் வந்ததில்லை என்று தெரிந்தும் வேலன் கூப்பிட்டதும் வந்து நிற்கிற முருகனையே ‘கடவுள் ஆயினும் ஆக, மடவை மன்ற வாழிய முருகே’ என்று கடிந்துகொள்கிறாள். கடவுளாகவே இரு, ஆனாலும் நீ மடையன்தான், வாழ்க! எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிரிப்பு வரும்.

பூவின் மணத்துக்கும் வெறி என்றே பெயர், கள்ளுக்கும் அதுதான். ஆளைக் கிறங்க வைப்பது எதுவானாலும் வெறி என்றிருக்கிறார்கள் போல. யாழ்ப்பாணத்தில் குடிகாரனை இன்றைக்கும் ‘வெறிக்குட்டி’ என்பார்கள்.

எங்கள் பக்கம் கோயில் கொடைத் திருவிழாவில் என் பெரியப்பா கோமரத்தாடி, அதாவது சாமியாடி. வில்லுப்பாட்டு ஏற ஏற, முதலில் கால் பெருவிரல் தரையைச் சுரண்டும், அப்புறம் தோள் குலுங்கும், அதற்குப் பிறகு அவர் எங்களுக்குப் பெரியப்பா இல்லை. விடிந்ததும் திண்ணையில் உட்கார்ந்து ‘ஒரு செம்பு தண்ணி குடுங்கட்டி’ என்பார், ராத்திரி பேசிய வாக்கு ஒன்றுமே நினைவிருக்காது. வேலன் ஆடியதும் கிட்டத்தட்ட இதைத்தான். ஆனால் பெரியப்பாவுக்கு ‘அருள்’ வந்தது என்றுதான் ஊரில் சொல்வோம், வெறி என்று யாராவது சொன்னால் அடி விழும். நல்ல பாதியை அருள் எடுத்துக்கொண்டது. வெறிக்கு நாயும் போதையும் கொலையும்தான் மிச்சம்.

பேரனின் வெறித்தனத்தோடு எனக்குச் சண்டை இல்லை. ஒருவகையில் அவன் பழைய கிறக்கத்துக்குத்தான் திரும்பிப் போகிறான். எனக்கு உறுத்துவது அந்த மேல் தலைப்பு. வெறி வந்தவன் தன் வசத்தில் இல்லாதவன். நீங்கள் போட்ட செய்தியிலேயே நாலு பேர் முந்தின வாரமே கூடிப் பேசி, அந்தப் பையன் வேலை முடிந்து வரும் நேரத்தைக் கணக்குப் பார்த்து, ரெண்டு பைக்கில் போய்க் காத்திருந்ததாக இருக்கிறது. இதில் எங்கே சார் வெறி? இவ்வளவு நிதானமாகச் செய்தவர்களுக்கு ‘ஏதோ ஆவேசத்தில் செய்துவிட்டோம்’ என்று சொல்லிக்கொள்ள நீங்களே இடம் கொடுக்கலாமா?

‘சாதிக்காகத் திட்டமிட்டு வாலிபர் வெட்டிக்கொலை’ என்று போடுங்கள். தலைப்பில் ஆறு எழுத்து கூடத்தான் செய்யும், கீழே விளம்பரத்தைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
பழைய வாசகன்,
பாளையங்கோட்டை