வியாழக்கிழமை ஓட்டத்துக்கு முன்னால்

அன்பு மகளுக்கு,

நீ தாங்ஸ்கிவிங் காலையில் பஃபலோவில் டேர்க்கி ட்ரொட் என்கிற வான்கோழி ஓட்டத்தில் ஓடப் பதிந்துவிட்டாய் என்று தம்பி சொன்னான். கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, அவ்வளவு சந்தோஷம். போனில் சொன்னால் "சரி அம்மா, சரி அம்மா" என்று சமையலைப் பார்த்துக்கொண்டே கேட்பாய், பாதி காதில் ஏறாது, அதனால்தான் இவ்வளவும் எழுதுகிறேன். ஆறுதலாக இருந்து வாசி.

நல்ல ஓட்டமாகத்தான் தெரிந்தெடுத்திருக்கிறாய். 1896 இல் தொடங்கியது, பொஸ்ரன் மரதனைவிடவும் சில மாதம் மூத்தது. முதல் வருடம் ஓட வந்தவர்கள் ஆறே ஆறு பேர், அதிலும் நாலு பேர்தான் முடித்தார்களாம். இப்போது பத்தாயிரத்துக்கு மேல் சனம், வான்கோழி வேஷம் கட்டிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. எட்டுக் கிலோமீற்றர், டெலவெயர் அவெனியூவில் வடக்கே தொடங்கி நேரே தெற்கே நகர மையத்துக்கு. வழியில் ஃபொரெஸ்ட் லோன் மயானம் வரும், பிறகு 1901 இல் அமெரிக்க ஜனாதிபதி மக்கின்லி சுடப்பட்டு இறந்ததும் தியடோர் ரூஸ்வெல்ட் புது ஜனாதிபதியாகச் சத்தியப்பிரமாணம் எடுத்த வீடு வரும். பெரிய ஏற்றம் எதுவும் இல்லை. முதல் முறை ஓடுகிற பிள்ளைக்கு இதைவிட நல்ல வீதி கிடைக்காது.

முதல் விஷயம் உடுப்பு. இதை நான் வற்புறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு இது இலேசில் மனதுக்கு ஒப்பாது. குளிர் என்றால் காதை மூடு, கழுத்தைச் சுற்று, ஜக்கெட்டுக்கு உள்ளே இன்னொரு ஸ்வெட்டர் போடு என்று ஸ்காபரோ பஸ் தரிப்பில் உன்னைப் பொத்திப் பொத்தி அனுப்பியவள் நான். பஸ்சுக்கு நிற்கிற பிள்ளைக்கு அது சரி. ஓடுகிறவளுக்கு அவ்வளவும் வேண்டாம். ஓடும்போது உடம்பு எரிக்கிற சக்தியில் முக்கால் பங்கு வரை சூடாகத்தான் போகிறது, காலை நகர்த்த உதவுவது மிச்சம் கொஞ்சம்தான். ஆகவே வெளியே இருப்பதைவிடப் பத்து டிகிரி கூட என்று வைத்துக்கொண்டு உடுத்து. 2 டிகிரி என்றால், 12 டிகிரியில் நடக்கப் போகிறவள் என்ன போடுவாளோ அது. தொடங்கும் கோட்டில் நிற்கும்போது உனக்குக் குளிர வேண்டும் பிள்ளை, இன்னும் ஒன்று போட்டுக்கொண்டு வந்திருக்கலாமே என்று தோன்ற வேண்டும். அங்கேயே இதமாக இருந்தால் மூன்றாம் கிலோமீற்றரில் வேர்த்துக் கொட்டும்.

எங்கள் ஹைலண்ட் கிரீக் பாதையில் ஓடுகிற பெண்களோடு போன மாரியில் புதிதாக ஒரு அக்கா வந்தார். முழங்கால் வரை வருகிற தடித்த ஜக்கெட், உள்ளே பருத்திச் சட்டை, அதற்கும் உள்ளே இன்னொன்று. பத்து நிமிடத்தில் முகம் சிவந்து ஜக்கெட்டைக் கழற்றி இடுப்பில் கட்டினார், கட்டு நிற்கவில்லை, ஒரு கை அவிழ்ந்து பனியில் இழுபட இழுபட ஓடினார். திரும்பி வரும்போது களைத்துப்போய் நடக்கத் தொடங்கியதும்தான் வினையே, நனைந்த பருத்தி முதுகில் ஒட்டிக்கொண்டிருக்க, காற்றும் அடிக்க, உதடு நீலம் பாரித்துவிட்டது. என்னுடைய காரில் ஹீட்டரைப் போட்டு அரை மணித்தியாலம் வைத்திருந்துதான் வீட்டுக்கு விட்டேன். அன்றைக்குக் குளிர் அப்படி ஒன்றும் கடுமையில்லை, ஈரம்தான் அவரை அந்தப் பாடு படுத்தியது.

அதனால் பருத்தி வேண்டவே வேண்டாம். ஊர் வெயிலுக்குப் பருத்தியைப் போல வராது, ஆனால் இங்கே அது வேர்வையைக் குடித்துவிட்டுக் காயாமல் கிடக்கும். பொலியெஸ்டரிலோ மெரினோ கம்பளியிலோ மெல்லிய நீளக்கைச் சட்டை ஒன்று, ஓடுகிற டைட்ஸ், காற்று இருந்தால் மட்டும் மேலே ஒரு மெல்லிய காற்றுத்தடுப்பு ஜக்கெட். கையுறையிலும் காது மூடுகிற பட்டியிலும் மட்டும் கஞ்சத்தனம் பிடிக்காதே. குளிர் பட்டதும் உடம்பு நெஞ்சையும் வயிற்றையும் காப்பாற்றுவதற்காக விரல்களுக்குப் போகிற இரத்தத்தைத்தான் முதலில் குறைக்கும். அவை இரண்டையும் ஓடிக்கொண்டே கழற்றி இடுப்பில் செருகவும் முடியும். தொடங்கும் இடமும் முடிகிற இடமும் வேறு வேறு என்பதால், காத்து நிற்க ஒரு பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு போ, தொடங்கச் சில நிமிடம் இருக்கும்போது கழற்றி ஓரமாக விட்டுவிடு. நல்லதைக் கொண்டுபோகாதே, திரும்ப வராது.

இலக்கத் தாளை முதல் நாள் இரவே குத்திவிடு, கடைசி வரை மேலே இருக்கப்போகிற உடுப்பில். விறைத்த விரலால் அந்தச் சின்ன ஊசியைத் திறப்பது எவ்வளவு கஷ்டம் என்று காலையில் நின்று பார்த்தால்தான் தெரியும்.

இனி உன் முட்டு, அந்த ஆஸ்துமா. இதைப் படித்துவிட்டுத் தாண்டிப் போகாதே. குளிர்காற்று காய்ந்த காற்று. வேகமாக ஓடும்போது வாயால் நிறைய இழுப்பாய், அதைச் சூடாக்கி ஈரமாக்குகிற வேலையில் மூச்சுக்குழாய் காய்ந்து சுருங்கும். முட்டு இல்லாதவர்களுக்கே முடிந்த பிறகு கொஞ்ச நேரம் வறட்டு இருமல் வரும். உனக்கு டொக்டர் ஓட முன்னால் எடுக்கச் சொன்ன பஃபை, அந்த இன்ஹேலரை, அவர் சொன்ன நேரக் கணக்குப்படி எடு, பிறகு அதை உடுப்பின் உள் பையில், உடம்போடு ஒட்டி வை, குளிர்ந்து போனால் ஒழுங்காக விசிறாது. மூக்கையும் வாயையும் சேர்த்து ஒரு மெல்லிய கழுத்துத் துணியால் மூடிக்கொண்டு தொடங்கு, சூடானதும் கீழே இறக்கு. நெஞ்சு இறுகுகிறது என்றால் நின்றுவிடு. அந்த வீதி அடுத்த வருடமும் அங்கேதான் இருக்கும்.

மரதன் ஓடுகிறவர்கள் முதல் சில கிலோமீற்றரிலேயே உடம்பைச் சூடாக்கிக்கொள்வார்கள், அவர்களுக்கு நேரம் இருக்கிறது. எட்டுக் கிலோமீற்றரில் அது நடக்காது. உன் வேகத்துக்கு ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட வரும், அதில் முதல் கால்மணியைக் குளிர்ந்த தசையோடு ஓடினால் கெண்டைக்கால் பிடிக்கும், மூச்சும் முட்டும். எட்டேகால், எட்டரை அளவில் பக்கத்துத் தெருவில் பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக ஓடு, நடுவில் இரண்டு மூன்று தரம் கொஞ்சம் வேகமாக. ஒன்பது மணிக்குத் தொடக்கம், கடைசிப் பத்து நிமிடம் சனத்துக்குள் நெருங்கி நின்றுகொண்டே காலை ஆட்டிக்கொண்டிரு. கழிப்பறை வரிசைக்கு இதற்கும் முன்னால் போ, குளிரில் எல்லோருக்கும் அடிக்கடி சிறுநீர் முட்டும், வரிசை நீளமாகத்தான் இருக்கும். நேரம் போகிறதே என்று முண்டாதே, இலக்கத்தில் இருக்கிற சிப் நீ கோட்டைத் தாண்டும்போதுதான் எண்ணத் தொடங்கும்.

காற்றைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஈரி வாவிக்குப் பக்கத்தில் இருக்கிறாய். அது பெரும்பாலும் மேற்கிலும் தென்மேற்கிலும் இருந்துதான் வரும், நீ தெற்கே ஓடுவதால் முகத்திலோ வலது பக்கத்திலோ அடிக்கும். மைனஸ் 5 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீற்றர் காற்று இருந்தால் தோலுக்கு அது மைனஸ் 13 மாதிரி. உயரமான யாராவது உன் வேகத்தில் ஓடினால் அவருக்குப் பின்னால் போ, இதில் வெட்கம் ஒன்றும் இல்லை, எல்லோரும் செய்வதுதான். முதல் நாள் இரவு வானிலை பார், காலையில் இன்னொரு தரம் பார். வாவிப் பனி எப்படி வரும் என்று தெரியும்தானே, 2022 நவம்பரில் நகரத்துக்குத் தெற்கே ஓர்ச்சர்ட் பார்க்கில் ஆறடிக்கு மேல் கொட்டியபோது வடக்குப் பக்கத்தில் அதில் ஒரு பங்குதான் விழுந்தது. வீதி பளபளவென்று இருந்தால் ஈரமா ஐஸா என்று யோசிக்காமல் ஐஸ் என்றே வைத்துக்கொள். காலடியைச் சின்னதாக்கு, வெள்ளைக் கோட்டுப் பெயின்றை மிதிக்காதே.

முதல் கிலோமீற்றரை உன் அப்பாவோடு கதைத்துக்கொண்டு ஓடக்கூடிய வேகத்தில் ஓடு. சனம் உன்னைத் தாண்டிப் போகும், போகட்டும். ஐந்தாம் கிலோமீற்றரில் அவர்களில் எத்தனை பேரைத் திரும்பப் பார்க்கப் போகிறாய் என்று பார். அங்கே ஒரு இடத்தில் மூச்சும் காலும் ஒன்றாகச் சேரும், கையுறைக்குள் விரல் சூடாக இருக்கும், நல்ல குளிரென்றால் இமையில் மூச்சின் ஈரம் வெள்ளையாக உறைந்திருக்கும், முகத்தில் மட்டும் குளிர். எனக்கு ஓட்டத்தில் மிகவும் பிடித்தது அந்த நேரம்தான், உனக்கும் அது கிடைக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

முடித்ததும் ஃபோட்டோவுக்கு நின்றுகொண்டிருக்காதே. நின்ற உடனே உடம்பு சூடு உண்டாக்குவது குறைந்துவிடும், சட்டையின் ஈரம் மட்டும் அப்படியே இருக்கும். உள்ளே போய் முதலில் மேலுடுப்பு எல்லாவற்றையும் மாற்று, தலையைத் துடைத்துக் காய்ந்த தொப்பி ஒன்று போடு, சூடாக ஏதாவது குடி, பிறகு எனக்கு எடு. குளிரில் தாகம் தெரியாது, தண்ணீரும் குடி.

இங்கே கனடாவில் எங்களுக்குத் தாங்ஸ்கிவிங் ஒக்ரோபரிலேயே முடிந்தது, உன்னுடைய வியாழன் எனக்கு வேலை நாள். அப்பா லீவு போட்டுவிட்டார். விடிய ஐந்து மணிக்கே புறப்பட்டு பீஸ் பிரிட்ஜ் எல்லைப் பாலத்தால் வருகிறாராம், காய்ந்த உடுப்புப் பையும் இடியப்பமும் சொதியும் அவர் கையில் தந்துவிடுவேன். டெலவெயர் அவெனியூவில் எந்தச் சந்தியில் நிற்க வேண்டும், வீதியின் எந்தப் பக்கம், என்ன நிற உடுப்பைத் தேட வேண்டும் என்று செவ்வாய்க்கிழமைக்குள் அவருக்கு எழுதி அனுப்பு.

அன்புடன்
அம்மா