நண்பருக்குக் கடிதம்: பொட்டாசியம் 7.1

அன்பு கணேஷ்,

ஐஎம்டி (பிரிட்டனில் பொது மருத்துவப் பயிற்சி) நேர்காணலுக்கு அழைப்பு வந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். ரொம்பச் சந்தோஷம். கிளினிக்கல் சினாரியோவுக்கு, அதாவது ஒரு நோயாளியின் நிலையைச் சொல்லி என்ன செய்வாய் என்று கேட்கும் பகுதிக்கு, எந்தெந்த நோய்களைப் படிப்பது என்று கேட்டாய். செப்சிஸ், டிகேஏ (சர்க்கரை நோயில் இரத்தம் அமிலமாவது), இரத்த வாந்தி, அனாபிலாக்சிஸ்... பட்டியல் உனக்கே தெரியும். நோயின் பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டும் மார்க்கைக் கோட்டைவிடுவது வரிசை குழம்புவதால்தான்.

ஒன்றை எடுத்துக்கொள். வார்டிலிருந்து நர்ஸ் போன் செய்கிறார். 74 வயதுக்காரர், இரண்டு நாளாக வாந்திபேதி, ராமிப்ரிலும் ஸ்பைரோனோலாக்டோனும் சாப்பிடுகிறவர், இரத்தத்தில் பொட்டாசியம் 7.1, ஆபத்தான அளவு. உடனே இன்சுலினுக்குத் தாவாதே. போனிலேயே நியூஸ்2 (நாடி, பிபி, மூச்சு முதலியவற்றை வைத்துப் போடும் அபாய மதிப்பெண்) எவ்வளவு என்று கேள். நீ போய்ச் சேர்வதற்குள் 12 லீட் இசிஜி எடுத்து, மானிட்டரில் போட்டு வைக்கச் சொல். பிறகு படுக்கையருகே ஏ-யிலிருந்து ஈ வரை: மூச்சுவழி, சுவாசம், இரத்த ஓட்டம், நினைவு, உடல் முழுவதும் என்ற வரிசையில் சோதனை. குறை தெரிந்த இடத்திலேயே சரிசெய்துவிட்டுத்தான் அடுத்த எழுத்து.

இசிஜியில் டி அலை கூர்மை, பி தட்டை, கியூஆர்எஸ் அகலம் என்றால் 10 சதவீத கால்சியம் குளுக்கோனேட் 30 மில்லி, சிரை வழியாக 10 நிமிடத்தில். பழக்கத்தில் 10 மில்லி என்று வாய்தவறும். அது கால்சியம் குளோரைடின் அளவு. கால்சியம் இதயத்தைக் காக்குமே தவிர பொட்டாசியத்தைக் குறைக்காது, அந்தக் காப்பும் 30 முதல் 60 நிமிடம்தான். இதை வாய்விட்டுச் சொல். 5–10 நிமிடத்தில் மறுபடி இசிஜி. மாற்றம் அப்படியே இருந்தால் இன்னொரு டோஸ்.

அப்புறம்தான் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளும் இன்சுலின்: 10 யூனிட், 25 கிராம் குளுக்கோஸோடு, 15 நிமிடத்தில். கூடவே சால்புடமால் நெபுலைசர் 10–20 மில்லிகிராம், இதய நோய் உள்ளவருக்கு 10 போதும். சிறுநீரகம் தளர்ந்தவர் உடம்பில் இன்சுலின் நெடுநேரம் தங்கும், அதனால் சர்க்கரை இறங்குவதுதான் பெரிய ஆபத்து. இன்சுலினுக்கு முன்னரே சர்க்கரை 7 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால், பிறகு 10 சதவீத குளுக்கோஸ் மணிக்கு 50 மில்லி வீதம் 5 மணி நேரம். 12 மணி நேரம் சர்க்கரையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பலர் காரணத்தை மறந்துவிடுவார்கள். பொட்டாசியத்தை ஏற்றும் அந்த இரண்டு மாத்திரையையும் நிறுத்து, திரவம் கொடு, மூத்திரப்பை நிறைந்திருக்கிறதா என்று ஸ்கேன் பார்.

"சீனியரைக் கூப்பிடுவேன்" என்பதைக் கடைசியில் வால் மாதிரி ஒட்டாதே. இசிஜி மோசம் என்றால் கால்சியம் ஏறும்போதே ரெஜிஸ்ட்ராருக்கு (உனக்கு மேலுள்ள மருத்துவர்) போன். மருந்துக்கு இறங்காவிட்டால், அல்லது சிறுநீர் வராவிட்டால், டயாலிசிஸுக்காகச் சிறுநீரகக் குழுவும் ஐசியுவும். எஸ்பார் முறையில் (நிலைமை, பின்னணி, மதிப்பீடு, வேண்டுகோள் என்ற வரிசை) அந்தப் போனை நேர்காணல் நடத்துகிறவர்கள் முன்னாலேயே பேசிக்காட்டச் சொன்னாலும் சொல்வார்கள். அரை நிமிடத்துக்குள் முடி.

"இப்போது பிபி 80, என்ன செய்வாய்?" என்று நடுவில் திருப்புவார்கள். நீ தவறிவிட்டாய் என்று அர்த்தமில்லை. மறுபடி ஏ-யிலிருந்து ஆரம்பி.

சனிக்கிழமை ராத்திரி கூப்பிடு. இரத்த வாந்தி கேஸ் ஒன்று வைத்திருக்கிறேன், நடுவில் இரண்டு முறை திருப்புவேன். கடிகாரம் என் கையில்.

அன்புடன்,
முரளி