ஒடுக்கு வேறு, விரிசல் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் போன வாரம் சிதைந்த தோற்றத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் என்று ஒரு பட்டியல் வந்திருந்தது. டென்டட், பக்கிள்டு, வார்ப்டு, மேங்கிள்டு, டிஃபார்ம்டு, டிஸ்ஃபிகர்டு என்று வரிசையாகப் போட்டு, எல்லாவற்றுக்கும் நேரே ‘சேதமடைந்த, உருக்குலைந்த’ என்று ஒரே பொருளைக் கொடுத்திருந்தீர்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் அந்தப் பக்கத்தை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்துக்கொள்கிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் பொதுக் காப்பீட்டுத் துறையில் சர்வேயராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மோதிய வண்டி, எரிந்த கிடங்கு, உடைந்த இயந்திரம் எதுவானாலும் நேரில் போய்ப் பார்த்து, என்ன ஆயிற்று, எதனால் ஆயிற்று என்று ஆங்கிலத்தில் அறிக்கை எழுத வேண்டும். வெறுமனே ‘டேமேஜ்டு’ என்று எழுதிக் கொடுத்தால் அறிக்கை திரும்பி வந்துவிடும். எந்தப் பொருள், அதற்கு என்ன நேர்ந்தது என்ற இரண்டையும் அந்த ஒரு சொல்லே காட்டிக் கொடுக்க வேண்டும்.

ஒரு காரின் கதவையே எடுத்துக்கொள்ளுங்கள். டென்ட் என்றால் நம் பேச்சில் ஒடுக்கு. தகடு உள்வாங்கியிருக்கும், கிழிந்திருக்காது, பெரும்பாலும் பின்பக்கமிருந்து தட்டி எடுத்துவிடலாம். ஸ்கிராட்ச் என்றால் கீறல். ஸ்கஃப் என்றால் உரசல், பெயின்ட்டோடு போய்விடும். கிரீஸ் என்று எழுதினால் தகட்டில் மடிப்பு விழுந்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் கோட்டில் உலோகம் இழுபட்டிருக்கும், எத்தனை தட்டினாலும் பழைய வடிவம் முழுசாகத் திரும்பாது. பக்கிள்டு என்று எழுதினாலோ கதையே வேறு. இரண்டு முனையிலும் அழுத்தம் வந்து, தாங்க முடியாமல் நடுவில் பிதுங்கி வளைந்துவிட்டது என்று பொருள். தூணுக்கு, கம்பிக்கு, வண்டியின் அடிச்சட்டத்துக்கு வருகிற சொல் அது. ஒரு தூண் எந்தச் சுமையில் இப்படி வளையத் தொடங்கும் என்று 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் என்ற கணித மேதை போட்டுக் கொடுத்த சூத்திரத்தைத்தான் இன்றைக்கும் பொறியியல் மாணவர்கள் படிக்கிறார்கள்.

வார்ப்டு என்ற சொல்லுக்கு அடியோ மோதலோ தேவையில்லை. ஈரமும் சூடும் போதும். மரப்பலகை ஒரு பக்கம் ஈரம் ஏறி, மறுபக்கம் காய்ந்து முறுக்கிக்கொள்ளும். அளவுக்கு மீறிச் சூடேறிய எஞ்சினில் அதன் மேல்மூடியான சிலிண்டர் ஹெட் நெளிந்துவிடும். கண்ணுக்குத் தட்டையாகத்தான் தெரியும். நேர்விளிம்புக் கோலை மேலே வைத்து, அதன் அடியில், இடைவெளி அளக்கும் கருவியான ஃபீலர் கேஜின் மெல்லிய தகடு நுழைகிறதா என்று பார்த்தால்தான் நெளிவு பிடிபடும். தீ விபத்திலும் இப்படித்தான். நுனி பொசுங்கினால் சிஞ்ஜ்டு, மேற்பரப்பு கருகி நிறம் மாறினால் ஸ்கார்ச்டு, கரியாகிவிட்டால் சார்டு.

இதெல்லாம் சர்வேயருக்குத் தெரிந்தால் போதாதா, மாணவருக்கு எதற்கு என்று கேட்கலாம். பணம் இந்தச் சொற்களில்தான் இருக்கிறது. திடீரென நேர்ந்த விபத்துக்குக் காப்பீடு உண்டு. நாளடைவில் தேய்ந்ததற்கும் துருப்பிடித்ததற்கும் வழக்கமாகக் கிடையாது. ‘வேர் அண்ட் டேர்’ என்று பாலிசியிலேயே விலக்கி வைத்திருப்பார்கள். ஆக, கிழிந்த பெல்ட்டை டோர்ன் என்று எழுதுவதா, நைந்து நூல் பிரிந்த பெல்ட் என்று ஃபிரேடு போடுவதா என்பதில் ஒருவருடைய இழப்பீடே அடங்கியிருக்கிறது.

ஒருமுறை முறிந்த அச்சு ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். விபத்தில் முறிந்தது என்றுதான் சொன்னார்கள். எண்ணெயைத் துடைத்துவிட்டு முறிந்த முகத்தில் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஓர் ஓரத்திலிருந்து பாதிக்கு மேல் பழுப்பேறி, துருப்படிந்து, வழவழவென்று இருந்தது. மீதி மட்டும் சர்க்கரைப் பரல்போலப் பளபளத்தது. பழுப்பான பகுதி பழைய விரிசல், பல நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வந்திருக்கிறது. பளபளப்பான பகுதிதான் அன்றைக்கு முறிந்தது. அறிக்கையில் கிராக்டு, ஸ்னாப்டு என்ற இரண்டு சொற்களையும் அதனதன் பகுதிக்கு நேரே தனித்தனியாக எழுதினேன். இரண்டுக்கும் பொருள் ஒன்றே என்று மனப்பாடம் செய்தவர் அந்த அச்சைப் பார்த்து என்ன எழுதுவார்?

செய்திப் பக்கங்களுக்கும் ஒரு வார்த்தை. கார் விபத்து என்றால் ‘அப்பளம்போல் நொறுங்கியது’ என்றுதான் நம் நாளிதழ்கள் எல்லாமே எழுதுகின்றன. நொறுங்குவது கண்ணாடி. ஆங்கிலத்தில் அதற்கு ஷாட்டர்டு. காரின் எஃகு உடம்பு நொறுங்காது, கசங்கும். அது கிரம்பிள்டு. அப்படிக் கசங்குவதற்கென்றே காரின் முன்னும் பின்னும் சில பகுதிகளை அமைக்கிறார்கள். பேலா பாரேனி என்ற பொறியாளர் 1950களின் தொடக்கத்தில் இதற்குக் காப்புரிமை வாங்கினார், 1959இல் மெர்சிடிஸ் பென்ஸ் இந்த முறையில் செய்த கார் விற்பனைக்கு வந்தது. முன்பகுதி கசங்கி மோதலின் வேகத்தை உள்வாங்கிக்கொள்வதால்தான் உள்ளே இருப்பவர் பிழைக்கிறார். அதை நொறுங்கியது என்று எழுதும்போது, வேலையைச் சரியாகச் செய்த பகுதி ஏதோ சொத்தை என்பதுபோல ஆகிவிடுகிறது.

இதுவரை சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னை எழுத வைத்தது டிஃபார்ம்டு என்ற சொல்லுக்கு நீங்கள் கொடுத்திருந்த உதாரண வாக்கியம். ‘டிஃபார்ம்டு’ ஆன ஒரு சிறுவனைப் பார்த்து எல்லோரும் பயந்தார்கள் என்று இருந்தது. பொறியியலில் அந்தச் சொல்லில் எந்தக் குறையும் இல்லை. சுமை ஏற்றினால் எந்த உத்தரமும் கொஞ்சம் உருமாறும், சுமையை எடுத்தால் மீண்டுவிடும். அதற்கும் அதே சொல்தான். எலும்பு மருத்துவர்கள் கோணலைக் குறிக்க ‘டிஃபார்மிட்டி’ என்று எழுதுகிறார்கள், அது அவர்களுடைய தொழில் மொழி. அதே சொல்லை ஒரு பிள்ளையின் மேல் ஒட்டினால் அது வசை. அந்தப் பக்கத்தைப் படிக்கிற மாணவர்களில் தீக்காயத் தழும்போடு இருப்பவர் இருப்பார், பிறக்கும்போதே உதடு பிளந்து தையல் போட்டவர் இருப்பார். அவர்கள் அந்த வாக்கியத்தை எப்படி வாசித்திருப்பார்கள் என்று நினைத்தால் மனசு ஆறவில்லை.

நம்மிடமும் இந்த வேறுபாடு இருக்கிறதே. விளிம்பு உடைந்த குடத்தை மூளிக் குடம் என்றால் யாருக்கும் வருத்தமில்லை. ஒரு பெண்ணை மூளி என்று சொல்லிப் பாருங்கள்.

ஆங்கிலம் பேசுபவர்கள் இதில் தங்கள் பேச்சைத் திருத்திக்கொண்டே வருகிறார்கள். பிளந்த உதட்டை முயலோடு சேர்த்து ‘ஹேர்லிப்’ என்று சொன்ன காலம் போய், இப்போது கிளெஃப்ட் லிப் என்கிறார்கள். பதினெட்டு வயதில் கார் விபத்தில் முகம் தீக்கிரையான ஜேம்ஸ் பார்ட்ரிட்ஜ் என்பவர் 1992இல் பிரிட்டனில் ‘சேஞ்சிங் ஃபேசஸ்’ என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார். அது ‘விசிபிள் டிஃபரன்ஸ்’, அதாவது கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு என்ற சொல்லைப் பயன்படுத்துகிறது. தழும்பை வில்லனுக்கு அடையாளமாக வைக்கும் வழக்கத்தை எதிர்த்து அந்த நிறுவனம் நடத்திய இயக்கத்துக்கு ஆதரவாக, முகத்தழும்புள்ள வில்லன்களைக் காட்டும் படங்களுக்கு நிதி தருவதில்லை என்று 2018இல் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் அறிவித்தது. பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தில் ‘டிஸ்ஃபிகர்மென்ட்’, அதாவது உருச்சிதைவு என்ற சொல் இருக்கத்தான் இருக்கிறது. அங்கே அது இப்படிப்பட்டவர்களுக்குப் பாதுகாப்புத் தருவதற்காக வருகிறது.

மனிதர்மேல் மரியாதையோடு சொல்லக்கூடியவையும் உண்டு. வெயிலும் மழையும் பட்டு முதிர்ந்த முகத்தை வெதர்டு என்பார்கள். முடிச்சு முடிச்சாக முறுகிய மரத்துக்கும் உழைத்துக் காய்த்துப்போன முதிய கைக்கும் நார்ல்டு என்ற ஒரே சொல் பொருந்தும். இவை உங்கள் பட்டியலில் இல்லாதது எனக்குப் பெரிய குறையாகவே பட்டது.

அடுத்த முறை இப்படி ஒரு பட்டியல் போடும்போது சொல்லுக்கு நேரே பொருளை மட்டும் போடாமல், எதற்கு வரும் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். டென்டட் என்றால் தகடு, வார்ப்டு என்றால் பலகை, ஃபிரேடு என்றால் துணி அல்லது கயிறு, டிலாப்பிடேட்டட் என்றால் கட்டடம் என்று ஒரு சொல் போதும், இடம் அதிகம் பிடிக்காது. மனிதரைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டியவற்றைத் தனியாகக் கட்டம் கட்டிக் கொடுங்கள். அந்தச் சிறுவன் வாக்கியத்தை மட்டும் அடுத்த பட்டியல் வரை தள்ளிப்போட வேண்டாம். இந்த வாரமே, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற காப்பீட்டு சர்வேயர்